செயலாளர் தாண்டாத பாவு

பட்டுத்தறித் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் லோகநாதன் பிறப்பதற்கு முன்பே வேலைநிறுத்தம் செய்தவன். பத்து மாதம் முடிந்து, மேலே பதினோரு நாள் ஆகியும் அம்மா ரங்கம்மாளின் வயிற்றை விட்டு அவன் நகரவில்லை. அந்தச் சமயம் ஆரணியில் நெசவாளர்களும் தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். பேச்சுவார்த்தை முடிந்து தெருவில் முதல் தறி சத்தம் போட்ட காலையில்தான் இவன் வெளியே வந்து அழுதான். "கோரிக்கைய ஏத்துக்கின அப்பாலதான் வந்து கீறான் பாரு," என்று அத்தை திலகவதி சொன்ன சொல் அவன் தலைமுடி நரைத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ரங்கம்மாள் கண்ணமங்கலத்துப் பெண். அவளுக்குக் கூடப் பிறந்தவர் ஒரே தம்பி. தம்பிக்கு நாலும் பெண். கடைசிப் பெண்ணுக்குத் திருவண்ணாமலை அம்மன் பெயரை அபிதகுசாம்பாள் என்று முழுசாக வைத்தார்கள். வைத்தார்களே தவிர, முழுசாகக் கூப்பிட ஒருத்தருக்கும் பொறுமையில்லை. எல்லோருக்கும் அவள் குசாம்பா. அந்த மாமன் மகளைத்தான் லோகநாதன் கட்டிக்கொண்டான். கல்யாணத்தன்று மேளக்காரர்களுக்குச் சாப்பாடு தாமதமானது என்று அவர்கள் பக்கம் நின்று சொந்த மாமனாரிடமே நியாயம் கேட்டவன் அவன்.

எட்டாவது வகுப்போடு தறிக்குழியில் கால் வைத்தவன். கால் குழியில் இருக்கும், காது தெருவில் இருக்கும். அந்த நாளில் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுக்கச் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொள்வார்கள். லோகநாதன் வீடு வீடாகப் போய்ச் சண்டை பிடித்தான். சொந்தச் சித்தப்பா வீட்டிலிருந்தே இரண்டு பிள்ளைகளை எழுப்பிக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டான். சித்தப்பா பத்து வருஷம் இவன் முகத்தில் விழிக்கவில்லை. இவன் கல்யாணப் பந்தியில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சாப்பிட்டார். பாயசம் மட்டும் இரண்டு தடவை கேட்டு வாங்கினார்.

பெரணமல்லூர் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து ராட்டையில் பட்டு நூல் சுற்றிக் கொடுப்பவள் ஆதிலட்சுமி. அவள் தெருவில் ஒருத்தர் செத்தால் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வழி கிடையாது. நிலக்காரர்கள் வரப்பில் கால் வைக்க விடமாட்டார்கள். லோகநாதன் அந்த சனங்களோடு நாலு வருஷம் மனுப் போட்டான், தாலுகா ஆபீஸ் வாசலில் வெயிலில் உட்கார்ந்தான், ஒரு நாள் கைதாகி மண்டபத்தில் அடைபட்டான். கடைசியில் பாதை வந்தது. அன்றிலிருந்து ஆதிலட்சுமிக்கு அவன் அண்ணன். ஊருக்கு அவன் 'மனு லோகநாதன்'.

இப்படி ஊரில் யார் உரிமை எங்கே போனாலும் தேடிப் பிடித்துக் கொண்டுவருகிறவன், தன் வீட்டுக்குள் ஒரு உரிமை முப்பது வருஷமாகக் காணாமல் போயிருந்ததை மட்டும் கவனிக்கவில்லை. கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பார்கள். அவன் இமையைச் சொன்னால் ஒத்துக்கொள்வான், பெண்டாட்டியைச் சொன்னால் கோபப்படுவான்.

குசாம்பா செய்வது பாவு பிணைக்கும் வேலை. தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு நெய்து தீர்ந்ததும், பழைய இழையின் நுனியில் புதுப் பாவின் இழையை வைத்து, துளி சாம்பல் தொட்டு, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் திரித்து ஒட்ட வேண்டும். ஒன்றிரண்டல்ல, நாலாயிரத்துக்கு மேல் இழை. அவள் விரல் படாமல் அந்தத் தெருவில் ஒரு தறியும் அடுத்த சேலைக்குப் போகாது. பட்டும் சாம்பலும் தேய்த்துத் தேய்த்து அவள் வலது கட்டை விரலில் ரேகையே இல்லை. ரேஷன் கடை மிஷினில் விரல் வைத்தால் அது சிவப்பு விளக்கைக் காட்டும். "உன் பொஞ்சாதி கைய மிஷினு ஒத்துக்கமாட்டேங்குதேப்பா," என்று கடைக்காரர் சிரித்தபோது லோகநாதனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

போன ஆடியில்தான் விஷயம் வெடித்தது. தறித்தொழிலாளர்களுக்கு அடையாள அட்டை கொடுக்கப் போகிறார்கள், சங்கம் பட்டியல் தரலாம் என்று கைத்தறி ஆபீசில் சொன்னார்கள். ஊர்வலமாகப் போய்க் கொடுத்தால்தான் பட்டியலுக்கு மரியாதை என்று லோகநாதன் தீர்மானம் போட்டான். கூடத்தில் உட்கார்ந்து நூற்று நாற்பது பெயரை எழுதி முடித்து, தானே ஒரு தடவை சத்தமாகப் படித்து மகிழ்ந்தான். குசாம்பா கடைசிப் பெயர் வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

"மாமா, என் பேரு எந்தப் பக்கத்துல கீது?"

"உன் பேரா? தறிக்கு ஒரு பேருதான். நீதான் என் பேருக்குள்ள கீறியே."

"எப்பிடி? கொழம்புக்குள்ள உப்பு மாதிரியா?"

"அதேதான்! கரெக்டா சொன்னே," என்றான் லோகநாதன். நல்ல உவமை கிடைத்த சந்தோஷத்தில், மேடையில் சொல்ல உதவும் என்று நோட்டின் ஓரத்தில் குறித்தும் வைத்துக்கொண்டான்.

மறுநாள் குழம்பில் உப்பில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. லோகநாதன் நாலு நாள் அதைத் தின்றுவிட்டு, சங்கப் பொருளாளர் ஜெயக்குமாரிடம் பெருமையாகச் சொன்னான்: "எனக்கு பி.பி. கீதுன்னு குசாம்பா ஜாக்கிரதையா பாத்துக்கறா."

குசாம்பா பாவு பிணைக்கப் போகிற வீடெல்லாம் பேச்சு நடந்தது. நாலாயிரம் இழை பிணைக்கிற நேரத்தில் எவ்வளவு பேச முடியும் என்பதை ஆண்கள் கணக்கில் வைப்பதில்லை. குசாம்பாவோடு, பக்கத்துத் தெருக்களில் பாவு பிணைக்கிறவர்களும் நூல் சுற்றுகிறவர்களுமாக முப்பத்தேழு பெண்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

நெசவுத் தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாவைத் தெருவில் இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவும்போது அதை யாரும் தாண்டக் கூடாது. குனிந்து அடியில் நுழையவும் கூடாது. திலகவதி அத்தையின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வந்த குதிரை பாவுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்று தூங்கிப்போனதாகச் சொல்வார்கள். மாப்பிள்ளையும் தூங்கினார் என்பது அத்தையின் தனிக் குற்றச்சாட்டு.

ஊர்வல நாள் காலை பத்து மணிக்குத் தெருவின் நடுவிலிருந்து கிளம்பினார்கள். சிறப்புப் பேச்சாளராகச் செய்யாரிலிருந்து கம்பெனித் தொழிலாளர் சங்கத்துத் தென்னரசு வந்திருந்தார். முன்னால் பேனர்: 'உழைக்கும் கை அத்தனைக்கும் உரிமை.' வாசகம் லோகநாதனுடையது. கைத்தறி ஆபீஸ் அதிகாரி பன்னிரண்டு மணிக்கு வேலூர் மீட்டிங்குக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் பட்டியல் அவர் கைக்குப் போகாவிட்டால் அட்டைக்கு மறுபடி எப்போது கேட்பார்களோ தெரியாது.

தெருமுனையில் குறுக்கே பாவு கட்டியிருந்தது.

பாவைத் தெரு நீளத்துக்கு இழுப்பதுதான் வழக்கம். அன்று விளக்குக் கம்பத்துக்கும் எதிர்வீட்டுத் தூணுக்கும் நடுவே, அரக்கு நிறத்தில், கஞ்சி ஈரத்தோடு மின்னிக்கொண்டிருந்தது. மிச்சம் மீதி சுருட்டியபடி குசாம்பாவின் மடியில். அவளும் இன்னும் பதினைந்து இருபது பெண்களும் ஏதோ தினப்படி வேலைபோல உட்கார்ந்து இழை நீவிக்கொண்டிருந்தார்கள்.

முன்வரிசை சட்டென்று நின்றது. பின்வரிசை நிற்கவில்லை. "முன்னேறு! முன்னேறு!" என்று முழக்கம் போட்டுக்கொண்டே வந்து முன்னால் நின்றவர்கள் முதுகில் மோதியது.

"இன்னா குசாம்பா இது? யாரு பாவு?"

"உங்க பாவுதாங்க. வெள்ளிக்கிழம வந்துதே, அது."

வீட்டில் 'நீ' என்று பேசுகிறவள் தெருவில் 'ங்க' போட்டாள். அதிலேயே லோகநாதனுக்கு விஷயம் சின்னதில்லை என்று தெரிந்துவிட்டது.

"மணி ஆவுது, ஜல்தியா அவுத்து வுடு."

"கஞ்சி காயணுமே. அதுவரைக்கும் எங்க பேர எழுதிக்கினு இருங்க. முப்பத்தேழு பேரு கீறோம்."

ஜெயக்குமார் நிலைமையைப் புரிந்துகொண்டு தெருவின் அடுத்த முனைக்கு ஓடினான். ஓடிய வேகத்தில் திரும்பியும் வந்தான். "அங்கியும் ஒரு பாவு, அண்ணாத்தே. அதச் சுத்தி ஆதிலட்சுமி கோஷ்டி கீது."

"அது யாருது?"

"என்னுதுதான்," என்றான் ஜெயக்குமார், பரிதாபமாக.

தென்னரசுக்கு இதெல்லாம் விளங்கவில்லை. அவருடைய கம்பெனியில் மிஷின் உண்டு, கேட் உண்டு, பாவு கிடையாது. "நூல்தானே தோழர், வாங்க," என்று பேண்ட்டைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது காலை உயர்த்தினார்.

நூற்று நாற்பது பேரும் ஒரே குரலில் "ஐயையோ!" என்றார்கள். அந்தச் சங்க வரலாற்றில் அவ்வளவு ஒற்றுமையாக ஒரு முழக்கம் அதற்கு முன் எழுந்ததில்லை. லோகநாதன் பாய்ந்து, சிறப்புப் பேச்சாளரின் இடுப்பைக் கட்டிப்பிடித்துப் பின்னால் இழுத்தான். இருவரும் பேனரின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

"பாவுங்க தோழர்! பாவத் தாண்டக் கூடாதுங்க!"

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தென்னரசு மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "இந்தம்மா கேக்கறது இன்னா?" என்று விசாரித்தார். சொன்னார்கள். "சரியான கோரிக்கைதானே தோழர்?" என்றார்.

லோகநாதன் தொண்டையைச் செருமினான். செயலாளர் குரல் வந்தது. "இத பாரும்மா. உங்க கோரிக்கைய நாங்க பரிசீலிக்கிறோம். கமிட்டில வெச்சி..."

"ஆபீசரு மாதிரியே பேசறாரு!" என்றது ஒரு குரல். குபீரென்று சிரிப்பு.

அந்தச் சிரிப்பில் குசாம்பா சேரவில்லை. "முப்பது வருசமா இந்தத் தெருவுல அத்தினி பாவும் நான் பிணைச்சது மாமா," என்றாள். 'ங்க' போய்விட்டிருந்தது. "நாளைக்கி எனக்குக் கண்ணு போச்சுன்னா, நீ இன்னா வேல செஞ்சேன்னு கேப்பாங்க. வீட்டுல சும்மா இருந்தேன்னா சொல்றது?"

நாற்பது வருஷமாக எந்த ஆபீஸ் வாசலில் 'பரிசீலிக்கிறோம்' என்ற சொல்லைக் கேட்டாலும் லோகநாதனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அதே சொல் இப்போது தன் வாயிலிருந்து, அதுவும் இவ்வளவு சரளமாக வந்துவிட்டது. காலடியில் பேனர் கிடந்தது. 'அத்தனைக்கும்' என்ற சொல்லின் மேல் அவன் உட்கார்ந்த மண் அடையாளம் இருந்தது.

"ஜெயக்குமாரு, நோட்ட எடு," என்றான்.

ஆனால் அங்கே இன்னொரு சிக்கல். கஞ்சி போட்ட பாவைப் போட்டது போட்டபடி விட முடியாது. இழை ஒட்டிக்கொள்ளாமல் நீவிக்கொண்டே இருக்க வேண்டும். பெண்கள் பெயர் கொடுக்க வரிசையில் வந்துவிட்டார்கள். எனவே ஊர்வலத்துக்காரர்கள் கொடியைச் சுவரில் சாய்த்துவிட்டு இழை நீவினார்கள். தென்னரசு மட்டும் மரியாதையான தூரத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அடுத்த முனையிலிருந்து வந்த ஆதிலட்சுமி, "தப்பா நெனைக்காதீங்க அண்ணா," என்றாள். "கெடைக்கிற வரைக்கும் எழுந்திரிக்காதன்னு தாலுகா ஆபீசு வாசல்ல நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாம்மா, நான்தான் சொன்னேன். எல்லாத்தையும் நான்தான் சொல்லித் தொலைச்சேன்," என்று சொல்லிக்கொண்டே எழுதினான் லோகநாதன்.

ஆபீசில் கொடுத்திருந்த பட்டியல் படிவத்தில் தறி எண் கேட்ட இடத்தை அடித்துவிட்டு 'பாவு பிணைப்பு' என்றும் 'நூல் சுற்றுதல்' என்றும் கையால் எழுதினான். புதுப் பக்கத்தின் முதல் வரியில் நூற்று நாற்பத்தொன்றாவது உறுப்பினராக, ஒரு எழுத்துக்கூட விடாமல் 'அபிதகுசாம்பாள்' என்று எழுதியபோது, இந்தப் பெயரைக் கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு எழுதவே இல்லையே என்று நினைத்துக்கொண்டான். பேனாவை நீட்டினான். கையெழுத்துப் போடத் தெரிந்தவள் வேண்டுமென்றே கட்டை விரலை மையில் தோய்த்து அழுத்தினாள். கரிய வட்டம் விழுந்தது. கோடு ஒன்றுகூட இல்லை.

"இன்னா அண்ணி, ரேகையே விழலியே?" என்றான் ஜெயக்குமார்.

"ரேகையா? அது உங்க அத்தினி பேரு தறியிலயும் கீது. போய் எடுத்துக்கினு வா."

பாவைச் சுருட்டினார்கள். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால், நடையாக இல்லாமல் ஓட்டமாகப் போனது ஊர்வலம். அதிகாரி ஜீப்பில் ஒரு கால் வைத்திருந்தபோது பட்டியலைக் கொடுத்தார்கள். அவர் வாங்கிப் பார்த்து, "பரிசீலிக்கிறோம்," என்றார். முப்பத்தேழு பெண்களும் சேர்ந்து சிரித்ததற்குக் காரணம் அவருக்கு இன்றுவரை தெரியாது.

பொங்கலுக்குப் பிறகு அட்டைகள் வர ஆரம்பித்தன. ஆதிலட்சுமிக்கு வந்துவிட்டது. குசாம்பாவுக்கு வரவில்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆனால் மிஷின் அவள் விரலை எடுக்கவில்லை என்றார்கள். தொழில் தேய்த்த விரலைத் தொழில் செய்ததற்குச் சாட்சி இல்லை என்று தள்ளுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டு, லோகநாதன் திங்கள்தோறும் மனுக் கொடுத்துவருகிறான். இதுவரை ஒன்பது.

முதல் மனுவை எழுதி முடித்ததும் வழக்கம்போல் சத்தமாகப் படித்தான். "என் மனைவி அபிதகுசாம்பாள் ஆகிய இவர்..."

"நிறுத்து," என்றாள் அடுப்படியிலிருந்து. "'என் மனைவி'ன்றத அடி. 'சங்க உறுப்பினர் எண் நூத்தி நாப்பத்தியொண்ணு'ன்னு போடு."

அடித்தான், எழுதினான். அன்றைக்குக் குழம்பில் உப்பு சற்றுத் தூக்கலாகவே இருந்தது. பி.பி. இருக்கிறவன் அதைச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் பரிசீலித்தான். பிறகு, பேசாமல் இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டான்.