அத்தை எந்தக் காலை முதலில் வைத்தாள்

நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ள வேண்டும். போன வாரம் தம்பானூர் பக்கம், பேத்தி ஷட்டில் பழகும் இடத்துக்குத் துணைக்குப் போயிருந்தேன். “ஆலோசிக்கண்டா மோளே, அடிக்கு!” என்று கோச் கத்தினார். யோசிக்காதே மகளே, அடி என்கிறார் மலையாளத்தில். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுபது வருஷத்துக்கு முந்தைய குடம் ஒன்று காதுக்குள் மறுபடி உடைந்தது.

அப்போது போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. அத்தை, அப்பாவின் தங்கை, புருஷன் செத்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். வீட்டில் சட்டி பானை எல்லாம் அம்மாவுடையது. தோட்டத்து விளையாட்டு நாளில் பெண்களுக்குக் குட ஓட்டம் உண்டு. தலையில் தண்ணீர் நிறைந்த மண்குடம். கைபடாமல் ஓட வேண்டும். அந்த வருஷம் பரிசு பித்தளைக் குடம். தனக்கென்று ஒரு பாத்திரம் என்று அத்தைக்கு ஒரு மாதமாக அதே பேச்சு.

அவள் ஜெயிப்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஓடையிலிருந்து மேட்டில் ஏறும்போதே திரும்பித் திரும்பி வம்பளப்பாள், அப்படியே குந்தி என் மூக்கைச் சிந்திவிடுவாள், குடம் அசையாது. “அது குடமில்லடி, அவளுக்குக் கூடவே மொளச்ச தலை” என்பாள் பக்கத்து வீட்டுச் சித்தி.

தலையில் குடத்தோடு கோட்டில் நின்றவளிடம் ஓடிப்போய்க் கேட்டேன். ஆசையில்தான் கேட்டேன்.

“அத்தே, எந்தக் கால மொதல்ல வைப்பே? கழுத்த எப்படிப் பிடிப்பே?”

“எந்தக் காலா?” சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. குனிய முடியாமல் கண்ணை மட்டும் கீழே உருட்டினாள். “இருடி… வலதுதானே? இல்லியே…”

விசில் ஊதிவிட்டார்கள். கழுத்து விறைத்து, புதிதாக நடக்கப் பழகும் பிள்ளைபோல ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்தாள். நாலாவது அடியில் குடம் விழுந்து சிதறியது.

“என்னாச்சு ஒனக்கு?” என்று அம்மா ஓடிவந்தாள்.

அத்தை சொட்டச் சொட்ட நனைந்து நின்று என்னைப் பார்த்தாள். “கல்லு தட்டிருச்சு அண்ணி, பின்னே என்ன!” என்றாள்.

பித்தளைக் குடம் பக்கத்து வீட்டுச் சித்திக்குப் போனது. எல்லோரும் கலைந்த பிறகு குடம் உடைந்த இடத்தில் மண்டியிட்டுத் தடவிப் பார்த்தேன். ஓட்டுச் சில்லுகள்தான் கிடந்தன. இல்லாத கல்லை அத்தை ஏன் சொன்னாள் என்று அன்று எனக்கு விளங்கவேயில்லை.

நாலாவது அடியா ஐந்தாவதா, விசில் ஊதியது கங்காணியா கணக்குப்பிள்ளையா என்பதில் எனக்கே சந்தேகம். அன்று அங்கே இருந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். கல்லை மட்டும் தேட வேண்டாம். அங்கே கல் இல்லை.