இக்லாஸின் அம்மா வந்துகொண்டிருக்கிறார்

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் இந்த ஊர் சூடானிகளில் யாருக்காவது மவுத்துச் செய்தி, அதாவது சாவுச் செய்தி, சொல்ல வேண்டியிருந்தால் இக்லாஸைத்தான் கூப்பிடுவோம். அது அவளுடைய வேலை அல்ல. முதியோர் இல்லத்தில் கிழவிகளைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, ஊட்டிவிடுவதுதான் அவள் வேலை. ஆனாலும் இந்த ஒன்றுக்கு அவளை விட்டால் எங்களுக்கு வேறு ஆள் கிடையாது.

ஊரை விட்டு வந்தவர்களுக்குப் போனில் மவுத்துச் சொல்வது எங்களிடம் பெரிய பாவம். தனியாக இருக்கும்போது விழுந்துவிட்டால் யார் பிடிப்பது? அதனால் செய்தி முதலில் இங்கேயுள்ள ஒரு பெரிய மனுஷருக்கு வரும். அவர் மற்ற எல்லோருக்கும் சொல்வார், உரியவருக்கு மட்டும் சொல்லமாட்டார். வெளியூர்ச் சொந்தங்கள் வந்துசேரும் வரை நாங்கள் உரியவரோடு ஒன்றும் நடக்காததுபோல் சிரித்துப் பேசிக்கொண்டிருப்போம். எல்லோரும் கூடிய பிறகு ஏதாவது பொய் சொல்லி வரவழைப்போம். வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும் என்பதால் செருப்புகளைக்கூட உள்ளே எடுத்து ஒளித்துவைப்போம். அப்புறம் இக்லாஸ் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வாள்.

சூடானில், கஸ்ஸலாவில், என் அப்பா இறந்தபோது எனக்குச் சொன்னதும் அவள்தான். அதற்கு முன் சில நாட்களாக நான் போன் போட்டபோதெல்லாம் "அப்பா தூங்குறாரு" என்றார்கள். மக்கு மாதிரி நம்பினேன். இக்லாஸ் இஞ்சி தட்டிப்போட்ட காபியை ஊற்றிக் கொடுத்து, என்னைக் குடிக்கவிட்டு, கோப்பையை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பா உன்ன அல்லாகிட்ட ஒப்படச்சிட்டுப் போயிட்டாரு, நிமாத்."

நான் கத்திய கத்தலில் அவள் தோளில் என் நகம் பதிந்துவிட்டது. பல மாதம் கழித்து, எப்படி இவ்வளவு பதமாகச் செய்கிறாய் என்று கேட்டேன். "ஒண்ணும் பெரிய வித்தை இல்லடி. கோப்பைய முதல்ல வாங்கிடணும். இல்லன்னா சூடா கையில கொட்டிடும்" என்றாள்.

அவளுக்குச் சொந்த ஊர் சூடானில் உம்துர்மான். அம்மாவோடு சந்தையில் துணி விற்றவள். புருஷன் பின்னால் இந்த அயோவாவுக்கு வந்தாள். எங்கள் எல்லோரையும் போலவே வான்கோழி ஆலையில் கத்தி பிடித்து, மணிக்கட்டு வீங்கி, பிறகு முதியோர் இல்லத்துக்கு மாறினாள். புருஷன் வேறொருத்தியைக் கூட்டிக்கொண்டு கான்ஸஸ் பக்கம் போய்விட்டான். அவனைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான்தான் இன்றுவரை அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஊர் லக்ஸம்பர்க்காரர்களின் ஊர். அவர்கள் வந்து நூற்றெழுபது வருஷம் ஆகிறது, ஆனாலும் பண்ணை வாசல்களில் தபால்பெட்டிக்குத் தபால்பெட்டி அந்தப் பெயர்கள்தான். வைடெர்ட், தில், கீஃபர். நிலம் அவர்களுடையது, வங்கி அவர்களுடையது, சர்ச்சில் முன்வரிசை பெஞ்சு அவர்களுடையது. கண்ணுக்கு எட்டிய தூரம் மக்காச்சோளம் போட்டு, அதைப் பன்றிக்குத் தீனியாகப் போடுகிறார்கள், எரிசாராயமாக்கிக் காருக்கு ஊற்றுகிறார்கள். நாங்களோ கிஸ்ரா ரொட்டி சுட ஒரு பை சோளமாவுக்கு ஓமஹாவிலிருந்து ஆள் வர வேண்டும். இப்படி ஒரு ஊர். சரி, அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. கெட்டவர்களாக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

இக்லாஸ் பார்த்துக்கொண்ட கிழவிகளில் ஒருத்தி லியோனா வைடெர்ட். தொண்ணூறை நெருங்கியவள். கட்டிலுக்கு மேலே ஒரு பழைய போட்டோ தொங்கும். கறுப்புக் குல்லாய் போட்ட, பல்லில்லாத ஒரு பாட்டி. லியோனாவின் கொள்ளுத்தாத்தாவைப் பெற்றவள். லியோனா அந்தக் கதையைத் தினமும் புதுசுபோல் சொல்வாள்.

"மகன் இங்க நிலம் வாங்கி கடுதாசி போட்டான். அவ்வளவுதான், எழுபது வயசுல கெழவி கெளம்பிட்டா. இறகுமெத்தைய முதுகுல கட்டிக்கிட்டு, ஒரு பன்னித்தொடைய துணியில சுத்திக்கிட்டு கப்பல் ஏறிட்டா. இங்கிலீஷ் ஒரு வார்த்த தெரியாது."

"துறைமுகத்துல ஒண்ணும் கேக்கலையா, லியோனா?" என்பாள் இக்லாஸ், அவளும் தினமும் புதுசுபோல்.

"என்னத்தக் கேப்பான்? கெழவிகிட்ட கேக்க என்ன இருக்கு? பன்னித்தொட நல்லா இருக்கான்னு கேட்டிருப்பான்!"

இரண்டு பேரும் சிரிப்பார்கள். இக்லாஸ் எங்கள் வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போது மட்டும் சிரிக்கமாட்டாள்.

உம்துர்மானில் சண்டை மூண்டபோது அவள் அம்மா, நாங்கள் எல்லோரும் யும்மா என்று கூப்பிடும் அந்த மனுஷி, வீட்டை விட்டு நகரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டாள். சர்க்கரை வியாதிக்காரி. அடிக்கடி கரண்டு போய்விடும், ஊசிமருந்து கெட்டுப்போகும். இக்லாஸ் இங்கே கிழவிகளுக்கு நர்ஸ் நேரம் தவறாமல் ஊசி போடுவதைப் பார்த்துவிட்டு, அங்கே அம்மாவுக்கு ஊசி போட்டாயா என்று தம்பி ஹாதிமிடம் போனில் கத்துவாள்.

லியோனாவின் மகன் கேரி இதைக் கேள்விப்பட்டு சர்ச்சில் ஒரு குழு சேர்த்தார். இக்லாஸின் அம்மாவை இங்கே கொண்டுவந்தே தீருவது என்று கிளம்பினார். கேரிக்கு அதில் ஒரு தெம்பு உண்டு. சில வருஷம் முன்பு அந்தப் பழைய பாட்டியின் வம்சம் என்று காட்டி லக்ஸம்பர்க் பாஸ்போர்ட் வாங்கியவர்.

"ஒரே ஒரு தடவ போனேன், இக்லாஸ். கையெழுத்துப் போட்டேன், கோட்டையப் பாத்தேன், திரும்பிட்டேன். செத்து நூறு வருஷத்துக்கு மேல ஆன கெழவிக்கே நடக்குது. உயிரோட இருக்கிற உங்கம்மாவுக்கு நடக்காதா?"

அந்த மனுஷன் மனதார நம்பித்தான் சொன்னார். பிறகு ஒருநாள் எங்கள் நாட்டுக்காரர்கள் யாரும் உள்ளே வரக்கூடாது என்று அமெரிக்க அரசாங்கம் வாசலை மூடிவிட்டது. கேரி யார் யாருக்கோ போன் போட்டார். கையைப் பிசைந்துகொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அறுபது வயதுவரை, "முடியாது" என்று யாரும் தன்னிடம் சொல்லிக் கேட்டிராத முகம். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

அதற்குள் யும்மா மனம் மாறிவிட்டாள். மகளைப் பார்த்துவிட வேண்டும் என்று வடக்கே கிளம்பிவிட்டாள். ஹாதிம் அவளை ஒரு பிக்கப்பின் பின்னால் ஏற்றிக்கொண்டு, பாலைவன வழியாக எகிப்துக்குப் புறப்பட்டான். "முதல்ல எகிப்து வரட்டும், மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் கேரி. இக்லாஸ் ஒரு புது மெத்தை வாங்கி, உறை பிரிக்காமல் சுவரில் சாய்த்துவைத்தாள்.

அவர்கள் புறப்பட்ட மறுவாரத் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் ஸித்தீக் ஆலை வாசலில் என்னைக் காருக்குள் உட்காரவைத்துக் கண்ணாடியை ஏற்றினார். ஹாதிம் அவருக்குத்தான் போன் செய்திருக்கிறான். வண்டி வழியில் நின்றுவிட்டது. மருந்தும் இல்லை, நிழலும் இல்லை. யும்மாவைப் பாதை ஓரத்திலேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

"ஓமஹாலேருந்து அவ பெரியப்பா பையன் முத்தஸிம் வெள்ளிக்கிழமதான் வரமுடியுமாம். அதுவரைக்கும் வாயத் திறக்காத" என்றார்.

"யாரு சொல்றது அவகிட்ட?"

அவர் என்னைப் பார்த்தார். எங்கள் எல்லோருக்கும் சொல்லத் தெரிந்தவள் ஒருத்திதான். அவளிடம் சொல்லத்தான் ஆள் இல்லை.

வெள்ளிக்கு முந்தின நாள் சர்ச் மண்டபத்தில் ஒரு கூட்டம் இருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து கிளேர் என்ற பெண், அன்று வந்த லக்ஸம்பர்க்காரர்களையும் இன்று வந்த சூடானிகளையும் ஒப்பிட்டு ஆராய்ச்சி செய்கிறாளாம். அவர்கள் பக்கத்திலிருந்து கேரியும் எங்கள் பக்கத்திலிருந்து இக்லாஸும் மேடையில் பேச வேண்டும். இக்லாஸ் எங்கள் நாட்டுச் சேலையான தோபு ஒன்றை, மஞ்சள் நிறத்தில், உடுத்திக்கொண்டு வந்து காரில் ஏறினாள். மறுநாள் அவள் துக்கத்துக்கு வெள்ளை உடுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். "அழகா இருக்கு இக்லாஸ், ரொம்ப அழகா இருக்கு" என்றேன்.

அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். "என்னடி, என்னைக்கும் இல்லாத திருநாளா?"

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு வண்டியை ஓட்டினேன்.

மண்டபத்தில் பிளம்பழ அடை, காபி, நரைத்த தலைகள். கிளேர் திரையில் கோட்டுப்படங்கள் காட்டினாள். எத்தனை வருஷத்தில் நிலம் வாங்கினார்கள், பிள்ளைகள் என்ன படித்தார்கள், எத்தனை வீடு சொந்தம், எத்தனை வீடு வாடகை. எங்கள் கோடு தரையிலேயே படுத்துக் கிடந்தது. நல்ல பெண்தான், குத்திக்காட்டவில்லை. எனக்குத்தான் வாய் துறுதுறுவென்றது.

"லக்ஸம்பர்க்காரங்க ரெண்டாம் தலைமுறைக்குள்ள வேர் விட்டுட்டாங்க. ஏன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று இரண்டு பேரையும் கேட்டாள்.

கேரி உழைப்பு என்றார், நம்பிக்கை என்றார், மண் என்றார். கைதட்டினார்கள். இக்லாஸ் ஒலிவாங்கியை வாங்கினாள்.

"அவங்க அம்மா வந்தாங்க" என்றாள்.

கிளேருக்குப் புரியவில்லை.

"கேரி வீட்டுப் போட்டோல இருக்காங்களே, அந்தம்மா. மெத்தையோட வந்தாங்க. அம்மா வந்துட்டா மனசு இங்க வந்துடும். மனசு இங்க இருந்தா நிலம் வாங்கத் தோணும், மரம் வைக்கத் தோணும். நாங்க ஆலைக்குப் போறோம், வரோம், ஆனா குடியிருக்கிறதெல்லாம் போனுக்குள்ளதான். போனுக்குள்ள எத்தன ஏக்கரு வாங்குறது?"

பின்வரிசையில் சக்கர நாற்காலியில் இருந்த லியோனா மட்டும், "சரியாச் சொன்னா!" என்று உரக்கச் சொன்னாள்.

"உங்க அம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டாள் கிளேர்.

நான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"வந்துக்கிட்டிருக்காங்க" என்றாள் இக்லாஸ். "வழியில இருக்காங்க."

மண்டபம் முழுக்க எழுந்து கைதட்டியது. கேரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் தட்டினேன். தட்டாமல் என்ன செய்ய? என் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்று இருந்தது. வாசலில் கேரி என்னை நிறுத்தி, "எகிப்து வந்து சேந்ததும் எனக்குத்தான் முதல்ல போன் பண்ணணும், நிமாத்" என்றார். பண்ணுகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் எங்கள் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். முத்தஸிம் வந்துவிட்டான். ஆண்கள் ஒரு அறையிலும் பெண்கள் ஒரு அறையிலும் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். செருப்புகளைக் குளியலறைத் தொட்டியில் போட்டேன். ஸித்தீக்குக்குப் பிரஷர் ஏறிவிட்டது, உடனே வா என்று இக்லாஸுக்குப் போன் செய்தேன்.

வேலை உடுப்போடு வந்தாள். உள்ளே நுழைந்ததும் திறந்திருந்த அறைக்குள் பெண்களைப் பார்த்தாள். நானே ஒளித்த செருப்பில் ஒன்றாவது வெளியே கிடக்கிறதா என்று என் கண் வாசலுக்கு ஓடியது. அவள் ஒன்றும் கேட்காமல் சோபாவில் உட்கார்ந்தாள். நான் காபி ஊற்றிக் கொடுத்தேன். அவள் குடித்தாள். கோப்பையை வாங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். என் கை எழவில்லை.

"யாரு சொல்றதா இருந்தீங்க?" என்றாள்.

பெண்கள் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீயாடி?"

தலையாட்டினேன்.

"வாரம் பூரா யும்மா தூங்குறாங்க, யும்மா தூங்குறாங்கன்னு ஹாதிம் சொல்றான். சந்தையில உக்காந்த இடத்துல ஒரு நாளும் கண்ணு மூடாதவ, வெயில்ல பிக்கப்புல ஒரு வாரம் தூங்குவாளா? நீ வேற என் தோபு அழகா இருக்குங்கிற. இருவது வருஷத்துல என்னை ஒரு நாளாவது அழகுன்னு சொல்லியிருக்கியா நீ?"

அறைக்குள் யாரோ விம்மினார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. "தெரிஞ்சேவாடி மேடையில அப்படிப் பேசின?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்க சொல்றவரைக்கும் அவங்க வழியிலதானே இருந்தாங்க?" என்றாள். "சொல்லிட்டா எனக்குச் செய்ய என்ன இருக்கு? குளிப்பாட்ட முடியுமா, கபன் துணி சுத்த முடியுமா, ஒரு பிடி மண்ணு போட முடியுமா? அந்தப் பொண்ணு கேட்டா. வந்துக்கிட்டிருக்காங்கன்னு அவ ஆராய்ச்சியிலயாவது இருக்கட்டுமேன்னு சொன்னேன்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சரி, சொல்லு" என்றாள்.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன். என் அப்பா இறந்தபோது அவள் சொன்ன அதே வாக்கியம் எனக்கு மனப்பாடம், ஆனாலும் அதில் முதல் சொல்லைக்கூட எடுக்க முடியவில்லை. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு தன் கையிலிருந்த கோப்பையைத் தானே குனிந்து கீழே வைத்தாள். என் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். எங்கள் எல்லோருக்கும் சொல்கிற அதே குரலில் தனக்கே சொன்னாள்.

"உங்கம்மா உன்ன அல்லாகிட்ட ஒப்படச்சிட்டுப் போயிட்டாங்க, இக்லாஸ்."

அப்புறம்தான் கத்தினாள். அத்தனை பேர் இருந்தோம். பிடித்துக்கொள்ள மட்டும்தான் எங்களால் முடிந்தது.