பக்கத்துக் காட்டில் மருந்தடித்த நாட்கள்

தொண்ணூறுகளில் எங்கள் பருத்திக் காட்டுக் கிணற்றுப் பொந்தில் ஒரு கூகை ஜோடி இருந்தது. மூன்று வருடமாக அவற்றின் முட்டை பொரியவில்லை. ஒரு தை மாதம் பெட்டை காயம் எதுவுமில்லாமல் செத்துக் கிடந்தது. கால்நடை மருத்துவரிடம் காட்டினேன்.

"பூச்சிமருந்து எலி உடம்புல ஏறுது. எலியத் தின்னத் தின்ன கூகை கொழுப்புல சேந்துக்கிட்டே போகுது," என்றார்.

மருந்தடித்த நாட்களைக் குறித்து வைத்திருந்த என் குறிப்பேட்டைப் புரட்டினேன். பக்கத்துக் காட்டில் அடித்தால் பூச்சி இங்கே வந்துவிடுமென்று, அந்தக் காட்டுக்காரர் முருகையா மருந்தடித்த நாளெல்லாம் நானும் அடித்திருந்தேன்.

அவரிடம் போய் விஷயத்தைச் சொல்லி, மருந்தை நிறுத்தக் கேட்டேன். சிரித்தார்.

"கூகை செத்தா ஊருக்கு நல்லதுதான அண்ணாச்சி! நீங்க முதல்ல நிறுத்துங்க, பொறவு நான் நிறுத்துதேன்."

எரிச்சலோடு திரும்பினேன். ஆண் கூகை இன்னும் பொந்தில்தான் இருந்தது. மறுநாள் அவர் காட்டில் விசைத்தெளிப்பான் சத்தம் கேட்டதும், அவரைத் திட்டிக்கொண்டே நானும் மருந்தைக் கலக்கினேன்.