கதவைச் சாத்திக்கொண்டு இடித்த கல்

இலை நிறுக்கும் இடத்துக்கு ஏறும்போதுதான் முதன்முதலாக எனக்கு மூச்சு போதவில்லை. முதுகில் கொழுந்து நிறைந்த பை. இருபது வருடங்களாக ஏறிய மேடுதான். பாதியில் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த பெண்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். அப்போது எனக்கு வயது நாற்பத்துமூன்று. மழைக்காலச் சளி என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் தேவாலாவில் அரை வருடம் மழைதான். இருமலுக்கெல்லாம் இங்கே யாரும் லீவு போடுவதில்லை. மூன்று மாதம் கழித்தே ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலின் மேல்பக்கமும் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. ஆனால் அப்பா காசநோயில் இறந்தவர் என்று நானே சொல்லியிருந்ததால் அதற்கான மாத்திரையைத் தொடங்கினார்கள். ஆறு மாதம் ஒருநாள் விடாமல் விழுங்கினேன். சிறுநீர் சிவப்பாகப் போனது (அது மாத்திரையின் நிறம், பயப்பட வேண்டியதில்லை). இருமல் மட்டும் குறையவில்லை. ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைக்கும் அளவுக்கு மெலிந்துவிட்டேன்.

பிறகு கோவைக்கு அனுப்பினார்கள். அங்கே என்னைப் பார்த்தவர் என்னைவிடப் பத்து வயதாவது சிறிய டாக்டரம்மா. சி.டி. ஸ்கேன் (உடம்பின் உள்பக்கத்தை அடுக்கடுக்காகக் காட்டும் படம்) எடுத்துப் பார்த்துவிட்டு, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். கொழுந்து பறிக்கிறேன் என்றேன். கல் குவாரிக்குப் போனதுண்டா, கிணறு வெட்டப் போனதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பக்கத்தில் நின்ற என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கொழுந்து பறிக்கிறவங்க நெஞ்சு இப்படி இருக்காதுங்கம்மா. யோசிச்சுச் சொல்லுங்க. காரணம் தெரியலைன்னா ஊசி வழியா நுரையீரல்ல ஒரு துணுக்கு எடுத்துத்தான் பார்க்கணும்."

யோசிக்க எதுவும் இல்லை. எனக்குத் தெரியும்.

வெள்ளைக்காரர் காலத்தில் எங்கள் ஊரைச் சுற்றித் தங்கம் தோண்டினார்கள். வந்த கம்பெனிகள் வந்த வேகத்திலேயே போய்விட்டன. அவர்கள் குடைந்த சுரங்கங்கள் காட்டுக்குள்ளும் தோட்டங்களுக்கு நடுவிலும் இன்னும் கிடக்கின்றன. அப்பா இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டபோது அவருக்கு இருபது வயது. இங்கேயும் தோட்ட வேலைதான் கிடைத்தது. வேலையில்லாத நாட்களில் நான்கைந்து பேரோடு அந்தச் சுரங்கங்களுக்குள் இறங்கி வெள்ளைக்கல்லை உடைத்துச் சாக்கில் கட்டிக் கொண்டுவருவார். அந்தக் கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடியாகப் பொன் இருக்கும். அதை எடுப்பது சட்டப்படி குற்றம். ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள்.

கல்லை மாவாக இடித்தால்தான் பொன்னைப் பிரிக்க முடியும். இடிப்பது பெண்களின் வேலை. இரும்பு உரலில் அம்மாவும் நானும் மாறி மாறி இடிப்போம். சத்தம் வெளியே கேட்கக் கூடாது. அதனால் தகரக் கூரையில் மழை பலமாக அடிக்கும் நேரமாகப் பார்த்து, கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு இடிப்போம். இடித்ததைப் பழைய சேலைத் துணியில் சலிக்கும்போது அறைக்குள் தூசி புகைபோல நிற்கும். முடித்து நிமிர்ந்தால் அம்மாவின் புருவம் வெள்ளையாக இருக்கும். அதைப் பார்த்து நான் சிரிப்பேன். பன்னிரண்டு வயதில் தொடங்கினேன். கல்யாணமான பிறகும் விடவில்லை. அப்பாவுக்குப் பின் தம்பி யோகன் சுரங்கத்துக்குப் போனான். அவன் கொண்டுவந்த கல்லையும் பல வருடங்கள் இடித்தேன்.

துணுக்கு எடுப்பதற்காக என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். அன்று மாலை வார்டிலிருந்து யோகனுக்குப் போன் செய்தேன். சுரங்கத்தில் கல் எடுத்ததாக அவன் மேல் ஏற்கெனவே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. டாக்டர் கேட்டதைச் சொன்னேன்.

"சொல்லிராத அக்கா," என்றான். "எழுதி வச்சிருவாங்க. அப்புறம் நேரா ஊட்டுக்கு வந்துருவாங்க."

ஊசி போட்டுத் துணுக்கு எடுக்கப் போகிறார்கள் என்றேன். "எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு அக்கா," என்றான். போனை வைத்துவிட்டான்.

அவன் கெட்டவன் இல்லை. பயந்துபோயிருந்தான். நானும்தான். கணவரைக் கேட்டேன். உன் நெஞ்சு, நீதான் முடிவு பண்ணணும் என்றார். டாக்டரிடம் சொல்லிவிடு என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பியின் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"போலீசுக்கு எழுதிருவீங்களாம்மா?"

"நான் எழுதறது உங்க நெஞ்சைப் பத்தி மட்டும்தாங்க," என்றார்.

பிறகு நோயின் பெயரைச் சொன்னார். சிலிகோசிஸ் (கல்தூசி நுரையீரலில் படிந்து, அந்த இடமெல்லாம் தழும்பாகி இறுகிப்போகும் நோய்). அந்தத் தூசியை வெளியே எடுக்க வழியில்லை என்றார். மருந்து, மூச்சுப் பயிற்சி, சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்வது, இனி ஒருபோதும் தூசிப் பக்கம் போகாமல் இருப்பது. இவ்வளவுதான் செய்ய முடியும். இருக்கிற மூச்சைக் காப்பாற்றிக்கொள்ளலாம், போனது திரும்பாது.

அப்பாவைப் பற்றிக் கேட்டேன். காசநோயாகவும் இருந்திருக்கலாம், இதுவாகவும் இருந்திருக்கலாம், இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு என்றார். கடைசி வருடத்தில் அப்பாவுக்கு நாங்கள் தட்டும் டம்ளரும் தனியாக வைத்திருந்தோம். பேரப்பிள்ளையைத் தூக்க விடவில்லை. அவரும் கேட்கவில்லை. நோயின் பெயரைக் கேட்டபோது வராத அழுகை அப்போது வந்தது.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது மருந்துக்கு அடங்காத இருமல் இருந்தால், சம்பளம் வாங்கிய வேலையை மட்டும் டாக்டரிடம் சொல்லாதீர்கள். வீட்டுக்குள் செய்ததையும் சொல்லுங்கள். முதலிலேயே நான் சொல்லாமல் விட்டதால்தான் எனக்குத் தேவையில்லாத மாத்திரையை ஆறு மாதம் தின்றேன்.

நான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்ததும் யோகன் பேசுவதை நிறுத்தினான். போலீஸ் வரவில்லை. அப்படியும் பேசவில்லை. எனக்கு அவனைவிட அவன் மனைவி பிரேமாவைப் பற்றித்தான் கவலை. இப்போது இடிப்பவள் அவள்தான். முப்பது வயதுகூட ஆகவில்லை.

ஆனி மாதம் ஒரு மத்தியானம், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது கிளம்பினேன். அந்த நேரத்தில்தான் இடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டிலிருந்து முந்நூறு அடி மேலே அவர்கள் வீடு. மூன்று இடத்தில் நின்று போனேன். கதவைத் தட்டியதும் உள்ளே சத்தம் நின்றது. யோகன்தான் திறந்தான். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக் குனிந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தேன். உதடு நீலமாகிவிட்டது என்று பிறகு பிரேமா சொன்னாள். தவிப்பு அடங்கப் பத்து நிமிடமானது. அவ்வளவு நேரமும் இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரேமாதான் முதலில் பேசினாள். முகத்தில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினாள்.

"இனி நான் இடிக்க மாட்டேங்க," என்று யோகனிடம் சொன்னாள். "நீங்க கல்லக் கொண்டாந்தா வெளியவே போட்டுருங்க."

அவன் எனக்கு வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போனான்.

அடுத்த மாதம் இரண்டு பேரையும் படம் எடுக்க அழைத்துப் போனோம். பிரேமாவின் படம் சுத்தமாக இருந்தது. யோகனுடையதில் மேல்பக்கம் சில புள்ளிகள். அவன் அதை ஊர் வரும்வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தான். இப்போது கூடலூரில் காய்கறி வண்டி ஓட்டுகிறான். வழக்கு இன்னும் முடியவில்லை. புள்ளிகள் கூடுகின்றனவா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். என்னோடு பேசுகிறான், முன்பைவிடக் குறைவாக.

நான் தோட்ட வேலையை விட்டுவிட்டேன். உதட்டைக் குவித்து மூச்சை மெல்ல ஊதி விடுவது எனக்கு இப்போது பழகிவிட்டது. எதையும் முன்பே யோசித்துச் செய்கிறேன். குனிவதற்கு முன் ஒரு மூச்சு, குடத்தைத் தூக்குவதற்கு முன் ஒரு மூச்சு. பேசிக்கொண்டே நடக்க முடியாது, ஒன்றுதான் செய்யலாம். ஐந்து நிமிடத்தில் போன பால் கடைக்கு இப்போது இருபது நிமிடம். வழியில் ஒரு மதகுக் கட்டையில் (சிறு பாலத்தின் குட்டைச் சுவர்) உட்காருவேன். கணவரும் கூடவே உட்காருவார்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். அவர் தனியாகப் பாலுக்குப் போனார். திரும்பி வர வெகுநேரம் ஆனது. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன். மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டாராம். நான் பக்கத்தில் இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு ஞாபகம் வந்ததாம்.