நஸ்ரீனின் டெஸ்ட் பச்சையான கதை

காலையில் தாம்பரத்தில் ரயில் கிளம்பியதும் லேப்டாப்பைத் திறந்தேன்.

எங்கள் வேலை கம்பைலர் எழுதுவது. நீங்கள் எழுதும் புரோகிராமில் தவறு இருந்தால், எந்த வரியில் என்று அது சொல்ல வேண்டும். ஒழுங்காகச் சொல்கிறதா என்று பார்க்க ஏகப்பட்ட டெஸ்டுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய பதிலைத் தனி ஃபைலில் எழுதி வைத்திருப்போம்.

நேற்று எரர் மெசேஜ்களின் வாசகத்தை மாற்றியிருந்தேன். அதனால் பாதி டெஸ்டுகள் ஃபெயிலாகி, திரையில் சிவப்பாகக் கிடந்தன. கம்பைலர் இப்போது தரும் பதிலையே அந்த ஃபைல்களில் சரியான பதிலாக எழுதிவிட ஒரு கமாண்டு இருக்கிறது. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத்தான் அதை அடிக்க வேண்டும்.

நான் பார்க்காமலேயே அடித்தேன். குரோம்பேட்டை வருவதற்குள் எல்லாம் பச்சை.

மதியம் கேன்டீனில், எங்கள் டீமில் இருக்கும் நஸ்ரீன் ஓடி வந்தார்.

"அண்ணா, என் டெஸ்ட் பாஸ் ஆயிடுச்சு! மூணாவது லைன்ல இருக்குற தப்ப நாலாவது லைன்னு காட்டிட்டு இருந்துச்சே, அதான். எவ்ளோ நாளா மண்டைய உடைச்சிக்கிட்டு இருந்தேன். எப்டிண்ணா ஃபிக்ஸ் பண்ணீங்க?"

கம்பைலர் இன்னும் நாலாவது லைன் என்றுதான் சொல்கிறது. இனி ஃபைலில் அதுதான் சரியான பதில்.

"சின்ன விஷயம்தாம்மா" என்றேன்.

நன்றி சொல்லி, தன் டிபன் பாக்ஸில் இருந்த இறால் தொக்கில் பாதியை என் தட்டில் வைத்தார். சாப்பிட்டேன்.

இந்தப் பதிவை நஸ்ரீனுக்கு மட்டும் தெரியாதபடி மறைத்திருக்கிறேன். அவரைத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லிவிடுங்களேன். எனக்கு வாய் வரவில்லை. இறால் அவ்வளவு நன்றாக இருந்தது.