தள்ளிப் போக வேண்டிய மலை

என் தங்கை திரும்பிப் பார்க்காமல் பின்னோக்கியே நடப்பாள். தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு, தான் வரைந்த சுவரை விட்டுக் கண்ணை எடுக்காமல், வாளி, நாற்காலி, ஆள் என்று எதிலும் இடித்துக்கொண்டே போவாள். மறுகோடி வந்ததும் இடது உள்ளங்கையை நீட்டி, படத்தில் கிட்டே நிற்கும் மரத்தை மறைப்பாள். அப்போதும் மலை தூரத்திலேயே நின்றால்தான் வேலை முடிந்தது. "மரத்தோட தயவுல தூரமா இருந்தா அது என்ன மலைண்ணா?"

கடைப் பலகை எழுதிப் பிழைத்தவள். அறுபத்தேழு வயது. நிலக்காட்சி அவளுடைய சொந்த ஆசை. மரத்துக்குக் கலந்த பச்சையில் வானத்தின் நீலத்தையும் சாம்பலையும் சேர்த்து, தள்ளி நிற்கும் மலை ஒவ்வொன்றையும் இன்னும் கொஞ்சம் வெளுக்க வைப்பாள். ஈரம் காய்வதற்குள் விளிம்பைப் பழைய பனியனால் ஒற்றுவாள். என் பனியன்கள் காணாமல் போவது இப்படித்தான்.

போன ஆண்டு ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், பதினெட்டடிச் சுவர் முழுக்க ஒரு பள்ளத்தாக்கு வரைந்தாள். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். மார்ச்சில் அங்கேயே அவளுக்கு வலக்கண் புரையை எடுத்தார்கள். கட்டுப் பிரித்ததும் கூடத்துக்கு வந்து நின்றவள், ஒரு கண்ணை மூடினாள், பிறகு மற்றதை. திரும்பத் திரும்ப அதையே செய்தாள்.

"பழைய கண்ணுல மலை அங்க நிக்குது. புதுக் கண்ணுல நீலச் சோப்புக் கட்டி மாதிரி மூக்குக்கிட்ட வருது. புரையில நீலம் தெரியாம அள்ளி அப்பியிருக்கேன்."

மலையைத் திருத்தப் போகிறேன் என்றதற்கு மருத்துவமனை மேலாளர் ஒப்பவில்லை. "எல்லாருக்கும் பிடிச்சிருக்கேம்மா."

"எனக்குத்தான் கண் தெரிஞ்சுபோச்சே, தம்பி."

"கெட்டுப்போச்சுன்னா மொத்தச் சுவருக்கும் வெள்ளை அடிச்சிடுவேன். அப்புறம் என்னைச் சொல்லக்கூடாது."

"அடிங்க. நானே வாளி தூக்குறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடம் காலியாக இருந்தபோது, வெள்ளையும் சாம்பலும் கலந்து தண்ணீராகக் கரைத்து, மலைமேல் பூசுவதும் ஒற்றுவதுமாக நாள் முழுக்க நின்றாள். மலையில் நல்ல பாதி வெளிறி மறைந்தது. சாயங்காலம் அவள் பின்னோக்கி நடக்க, நான் முந்திப் போய் நாற்காலிகளை ஒதுக்கினேன். பழைய கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளங்கையை நீட்டினாள்.

மேலாளர் வந்து பக்கத்தில் நின்றார். மரத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். மலைக்கு வந்தபோது தூரத்தில் எதையோ பார்ப்பவர்போல், தன்னையறியாமல் கண்களைச் சுருக்கி, கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

அவள் சுவரைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து, பெயிண்ட் டப்பாவை மூடினாள்.