அக்காவின் வலது சிக்னல்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப்பேராவது அவருடைய வேனில் ஏறியவர்களாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

அக்கா கேமரன் மலையில், கியா பார்ம் சந்தைக்கு அப்பால் உள்ள தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தார். அப்பா இளவயதிலேயே காலமானதால் பள்ளியை விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனார். என்னைப் படிக்கவைத்தவர் அவர்தான். பிறகு லைசென்ஸ் எடுத்து, பழைய வேன் ஒன்றை வாங்கி, தோட்டத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கும் நோயாளிகளைத் தானா ராத்தா மருத்துவமனைக்கும் ஏற்றிச் சென்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்க எங்களில் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

எங்கள் தோட்டத்துக்குள் யாரும் சிக்னல் போடுவதில்லை. எந்த வண்டி எந்த லைனுக்குத் திரும்பும் என்று எல்லாருக்கும் தெரியும். அதே பழக்கத்தோடு பெரிய ரோட்டுக்கும் போய்விடுவோம். அக்கா மட்டும் தேயிலைச் செடிகளுக்கு நடுவிலும் போடுவார்.

"யாருக்குக்கா சிக்னலு? செடிக்கா?" என்று கேலி செய்வேன்.

"நம்மாளுக்குத் தெரியும். வெளியூர்க்காரனுக்கு என்னா தெரியும்? கை மறந்துடக் கூடாது லா."

எதிரில் வரும் ஒவ்வொரு வண்டிக்கும் தீர்ப்பும் சொல்வார். "இவன் நிப்பான்." "இவன் நிக்க மாட்டான்." பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தவறிப்போனால், அந்த ஓட்டுநருக்குத்தான் புத்தி கெட்டுவிட்டது என்பார்.

என் மனைவிக்குப் பிரசவ வலி கண்டது பள்ளி விடுமுறையில். அக்காவின் வேனில் மருத்துவமனைக்குப் போகும் வழியில், கியா பார்மில் சுற்றுலா வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. எங்களுக்கு முன்னால் ஒரு கார் ஓரமாக ஒதுங்கி நின்றது. பின்சீட்டில் மனைவி அலறினாள்.

"அதத் தாண்டிப் போக்கா!" என்று கத்தினேன்.

அக்கா வலது சிக்னலைப் போட்டார், வேனை நகர்த்தவில்லை. "பொறு தம்பி. அந்தக் காருல உள்ள பிள்ளைங்க ஸ்ட்ராபெரியப் பாத்துட்டாங்க. கதவத் தொறப்பாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, ரோட்டுப் பக்கத்துக் கதவு திறந்தது. சின்னப் பெண் ஒருத்தி குதித்து எதிர்ப்பக்கக் கடையை நோக்கி ஓடினாள். அவளுடைய அம்மா ஓடிவந்து பிடித்த பிறகே அக்கா வேனை எடுத்தார். மருத்துவமனை வாசலில் நான் மனைவியைத் தாங்கிக்கொண்டு அவசரமாக இறங்கினேன். அக்கா நிதானமாகத்தான் இருந்தார். அன்று மாலை எங்கள் மகள் பிறந்தாள். அக்கா அன்று இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றினார் என்றே நான் சொல்வேன்.

பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீரக நோய் முற்றியபோது வேன் சாவியை அதே மகளிடம் கொடுத்தார். ஆனாலும் பக்கத்து இருக்கையில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வதை விடவில்லை. கடைசி நாள்களில் மருத்துவமனை ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரைக் கவனித்துக்கொண்ட தாதியருக்கும், எங்கள் வீட்டுக்குச் சமைத்துக் கொடுத்த லைன் வீட்டுப் பெண்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் ஒருவர் பாக்கி இருக்கிறார்.

அக்காவை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மகள் அவருடைய வேனை முன்னால் ஓட்டினாள். அக்காவை ஏந்திய வண்டியும் உறவினர்களின் வண்டிகளும் பின்னால் வந்தன. தோட்டத்துக்குத் திரும்பும் இடத்தில் மகள் வலது சிக்னலைப் போட்டாள். கம்போங் ராஜா பக்கமிருந்து காய்கறி லோரி ஒன்று இறக்கத்தில் வந்துகொண்டிருந்தது. தீர்ப்புச் சொல்ல அக்கா இல்லை. அவருடைய இருக்கையில் நான் இருந்தேன்.

"நிப்பாருப்பா," என்றாள் மகள்.

லோரி நின்றது. எங்கள் வண்டிகள் அத்தனையும் திரும்பி முடியும்வரை ஹாரன் அடிக்காமல் நின்றது. பெயர் தெரியாத அந்த ஓட்டுநருக்கும் எங்கள் நன்றி.